காலியாகப் போன ஜீப்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் மிளகாய். முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிடும் துணிச்சல் யாருக்கும் இல்லை. அவளுக்கும் விஷயம் தெரியும், கண்டுகொள்வதில்லை.

டயர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் பழங்குடிக் குடும்பங்களுக்கான உதவி மையம். இரண்டு மேசை, கால் ஆடும் பெஞ்சு ஒன்று, நாள் முழுக்கக் கீழே காற்றடிக்கும் சத்தம். பள்ளியில் சேர்க்க மறுத்த பிள்ளை, ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பிய கர்ப்பிணி, சந்தேகத்தின் பேரில் போலீஸ் பிடித்துப் போன இளவட்டம், எதுவானாலும் மிளகாய்தான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவாள். ஆனால் அவள் உயிரைக் கொடுத்துச் செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். ஒரு பிள்ளையைக் காப்பகத்துக்குத் தூக்கிப்போகப் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், அந்தப் பிள்ளையின் சொந்தக்காரர்களை எந்த மூலையில் இருந்தாலும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்துவாள்.

சேவை மனப்பான்மை என்று யாராவது பாராட்டினால் அவளுக்குச் சிரிப்பு வரும். சேவையாவது மண்ணாவது. அது பழிக்குப் பழி.

அவளுக்கு ஏழு வயது இருக்கும்போது ஒரு நாள் பட்டப்பகலில் குழந்தைகள் நல அதிகாரி அவர்கள் குடியிருப்புக்கு வந்தார். அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அக்கம்பக்கத்துப் பெரியவர்களும் வேலைக்குத்தான் போயிருந்தார்கள். கூலிக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில் வீட்டில் உட்கார்ந்து வரவேற்பு கொடுக்கவா முடியும்? வந்தவர் சுற்றுமுற்றும் பார்த்தார், கேட்பாரற்ற குழந்தை என்று முடிவு கட்டினார், ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அம்மா ஞாயிறு தவறாமல் காப்பகத்து வாசலில் வந்து நின்றாள். பெற்றவள் என்பதற்குக் காகிதம் கொண்டுவா என்று காவலாளி விரட்டினான். அவள் எந்தக் காகிதத்தைக் கண்டாள்? இரண்டு வருஷம் நின்று பார்த்துவிட்டுச் செத்துப்போனாள். அடக்கமெல்லாம் முடிந்த பிறகு, பாத்திரம் தேய்த்துக்கொண்டே காப்பகத்துச் சமையல்காரம்மா சொல்லித்தான் மகளுக்குத் தெரிந்தது. படிப்பை முடித்து வெளியே வந்து பார்த்தால் குடியிருப்பு இருந்த இடத்தில் ஒரு கிடங்கு நின்றது. ஆட்கள் ஆளுக்கொரு திசையாகச் சிதறிப் போயிருந்தார்கள்.

அந்த அதிகாரிதான் இன்றைக்குத் துறையின் தலைமை. எல்லோருக்கும் மேடம். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரிப் பேசுவார். பன்னிரண்டு வருஷமாக மிளகாய் அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள். தன்னை அவர் எப்போதோ மறந்திருப்பார் என்றே நினைத்திருந்தாள். நினைவு இருந்தால் ஒருமுறையாவது கண்ணைத் தாழ்த்தியிருக்க மாட்டாரா என்பது அவள் கணக்கு.

இந்தத் தடவை சிக்கியது நாலு வயதுச் சுண்டு. அவள் அம்மா செங்கல் சூளையில் வேலை செய்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். எழுந்து வர மாதக்கணக்காகும். அப்பன் போன இடம் தெரியாது. சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் சித்தி, "நான் வச்சுக்கறேன்" என்று நின்றாள். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் வீடு சரிப்படாது என்றார் மேடம். காப்பகத்துக்குள் போன பிள்ளையைத் திரும்ப வாங்குவது எவ்வளவு லேசு என்பது மிளகாய்க்குத் தெரியாதா என்ன?

பிள்ளையை அனுப்புவதற்கு முன்னால் உறவினர் கூட்டம் போட வேண்டும், வந்தவர்கள் எல்லோரையும் பேசவிட வேண்டும் என்பது சட்டம். மேடத்துக்கு அதில் தனிக் கைவரிசை உண்டு. வேலை நாளாகப் பார்த்து, காலை நேரமாகப் பார்த்து, இரண்டாவது மாடியில் எட்டு நாற்காலி போட்டுக் கூட்டுவார். கூலியை விட்டுவிட்டு யார் வருவது? ஒருவரோ இருவரோ வந்து நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். "பாத்தீங்களா, யாருக்கும் அக்கறை இல்ல" என்று மேடம் பெருமூச்சு விடுவார். கதை முடிந்தது.

மிளகாய் சூளைக்குப் போனாள், கல் குவாரிக்குப் போனாள், பேருந்து நிலையத்தைக் கூட்டுகிறவர்களிடம் போனாள். "ஒரு நாள் கூலி போனா போகட்டும். பிள்ளை போனா வராது" என்று எல்லோரிடமும் ஒரே பாட்டைப் பாடினாள்.

கூட்டத்தன்று நாற்பது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். அறை நிறைந்து, வராந்தா நிறைந்து, மாடிப்படியிலும் ஆள் நின்றது. நாற்காலி தேடி ஓடிய பியூன் ஒரு கட்டத்தில் கையை விரித்துவிட்டுச் சுவரோரம் சாய்ந்துகொண்டார். குழந்தைகள் நலக் குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற டாக்டர். தீர்ப்பு அவர் கையில். நல்ல மனிதர்தான், ஆனால் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருக்க ஆசைப்படுகிறவர்.

"நான் பிள்ளைக்குப் பெரியப்பா" என்றார் குவாரிக்காரர். "காலையில பள்ளிக்கூடத்துல விடறது என் பொறுப்பு."

"நான் அத்தை. இவ சித்திக்கு ராத்திரி ஷிப்ட்னா சுண்டு எங்கிட்டதான் தூங்கும்."

"நான் மாமா முறைங்க." அடுத்து எழுந்தவர், "நானும் மாமாதாங்க" என்றார்.

டாக்டர் தலையைத் தூக்கினார். "இவரும் மாமா, இவருக்கு முன்னாடி பேசினவரும் மாமாவா?"

"இன்னும் நாலு மாமா படியில நிக்கறாங்க சார்" என்றாள் மிளகாய்.

அறையே சிரித்தது. மேடத்தின் முகம் சுருங்கச் சுருங்க மிளகாய்க்கு வயிறு குளிர்ந்தது. இன்னும் பேசட்டும், சாயங்காலம் வரைக்கும் பேசட்டும், இந்த அம்மா உட்கார்ந்து கேட்கட்டும் என்று இருந்தது.

கடைசி மாமா பேசி முடித்ததும் மேடம் மெதுவாகத் தொண்டையைச் செருமினார்.

"டாக்டர், இவங்க பாசத்தை நான் குறை சொல்லல. ஆனா பாசம் படிக்க வைக்குமா? இதோ நிக்கறாங்களே, இவங்க எங்க காப்பகத்துல வளந்தவங்க. ஏழு வயசுல நானேதான் கூட்டிட்டு வந்தேன். இன்னைக்கு நம்மகிட்டயே வாதாடற அளவுக்கு வந்திருக்காங்க. அந்த வாய்ப்பு சுண்டுக்கு மட்டும் ஏன் வேண்டாம்னு அவங்களே சொல்லட்டும்."

நாற்பது தலைகளும் அவள் பக்கம் திரும்பின. ஆக, மறக்கவில்லை. இத்தனை வருஷமும் நினைவில் வைத்திருந்து, வேளை பார்த்து எடுத்து வீசியிருக்கிறார். டாக்டர் "அட, அப்படியா!" என்று மலர்ந்துபோய் அவளைப் பார்த்தார். வழக்கு கையை விட்டு நழுவுவது அவளுக்குத் தெரிந்தது. வாயில் வந்ததைக் கொட்டினால் சொந்தப் பகை என்று ஒதுக்கிவிடுவார்கள், பிள்ளை போய்விடும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமா சார், நல்லாத்தான் இருக்கேன். படிப்பு இருக்கு, சம்பளம் வருது. இங்க வந்தவங்க எல்லாரும் சுண்டுக்கு என்ன முறைன்னு சொன்னாங்க. இவங்கள்ல யார் எனக்கு என்ன முறைன்னு மேடத்தைக் கேளுங்க."

மேடம் முன்னால் இருந்த கோப்பைப் புரட்டினார்.

"எனக்கும் தெரியாது சார். ஊர்ல எல்லாருக்கும் சொந்தத்தைத் தேடித் தர்றேன், எனக்குன்னு ஒருத்தரைக் கண்டுபிடிக்க முடியல. எங்கம்மா அன்னைக்கு வேலைக்குத்தான் போயிருந்தா. மேடம் சாயங்காலம் வரைக்கும் இருந்திருந்தா வந்திருப்பா. இன்னைக்கு இத்தனை பேர் வேலையை விட்டுட்டு வந்து நிக்கறாங்க. இன்னும் எத்தனை பேர் வந்தா, பிள்ளைக்கு ஆள் இருக்குன்னு ஒத்துப்பீங்க?"

குவாரிக்காரர் எழுந்துவிட்டார். "இந்தப் பொண்ணு எனக்குத் தங்கச்சி சார். அதையும் எழுதிக்கோங்க."

"அண்ணே, உக்காருங்க!" என்று சீறினாள் மிளகாய். "முதல்ல பிள்ளை விஷயம் முடியட்டும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "மேடம், அன்னைக்கு நீங்க சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தீங்களா?"

"அப்போ இருந்த நடைமுறைப்படி..."

"நடைமுறையைக் கேக்கல. காத்திருந்தீங்களா?"

"இல்ல."

நாற்பது பேர் முன்னால் அந்த வார்த்தை வந்து விழுந்தது. மிளகாய்க்கு அது போதவில்லை. ஆனாலும் சொல்லவைத்தாயிற்று.

அம்மா குணமாகி வரும்வரை சுண்டு சித்தியிடம் இருக்கட்டும் என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சித்தி மடியில் இருந்த பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். கூட்டம் கலகலவென்று படியிறங்கியது.

கீழே துறையின் ஜீப் நின்றிருந்தது. டிரைவர் மிளகாயைப் பார்த்து, "குழந்தை எங்கம்மா? மதியத்துக்குள்ள காப்பகத்துல சேர்க்கணும்னு மேடம் காலையிலேயே சொல்லிட்டாங்களே" என்றார்.

காலையிலேயே. கூட்டம் தொடங்குவதற்கு முன்பே. அவள் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தாள். பின் இருக்கையில் மடித்த துண்டு ஒன்றும் அதன் மேல் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் இருந்தன. அவளை ஏற்றிய அன்றும் மேடம் இப்படித்தான் ஒரு பாக்கெட்டைக் கையில் திணித்து, "வழியில பசிக்கும், சாப்பிடு கண்ணு" என்றார். அவளுக்குப் பசித்தது, சாப்பிட்டாள்.

மேடம் தனியாக இறங்கிவந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். மிளகாய் உள்ளே கையை நீட்டி, பாக்கெட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"வழியில பசிக்கும் மேடம். சாப்பிடுங்க."

சொல்லிவிட்டு, கதவை ஓங்கிச் சாத்தினாள்.