பதில் வரும் வரை கணக்கு வகுப்பில்

விருப்பப் பாடத் தொகுதியை ஒருமுறை எழுதிக் கொடுத்த மாணவன், கல்லூரி திறந்து ஒரு மாதம் கழிந்த பின் அதை மாற்றிக்கொள்ள அனுமதிக்கப்பட மாட்டான். நான் மதுரையில் இண்டர்மீடியட் முதலாண்டு சேர்ந்தபோது அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த விதி இது. இரண்டாம் உலகப்போருக்கு ஓரிரு வருடங்கள் முன்பு நடந்த கதை. தெளிவான விதி, நியாயமான விதியும்கூட. அதன்படியே எல்லாம் நடந்திருந்தால் நான் இன்று ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியராக இருந்திருப்பேன்.

கல்லூரிக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. ஆசையெல்லாம் டேராடூன் ராணுவ அகாடமி மேல். அதற்கான எழுத்துத் தேர்விலும் நேர்முகத் தேர்விலும் தேறி, கடைசியில் டாக்டர் முன் சட்டையைக் கழற்றி நின்றேன். "ஏதாவது நோய் உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் என் விலா எலும்புக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்தினார். முகம் மாறியது.

"மலேரியா வந்திருக்கிறதே?"

"அது மலைக்காய்ச்சல் சார். எங்கள் ஊரில் எல்லோருக்கும் வருவதுதான்."

"அப்படியானால் உங்கள் ஊரையே தள்ளிவிட வேண்டியதுதான்" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை. கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஏலத்தோட்டமோ மெட்டுக்கு, அதாவது மலைக்கணவாய்க்கு மேலே, திருவிதாங்கூர் எல்லையில். காய் எடுக்கும் காலத்தில் வீட்டு ஆண்பிள்ளை மலையேறாமல் இருந்தால் அது மானப் பிரச்சினை. ஏறியவன் காய்ச்சலோடு இறங்குவான், கொய்னா மாத்திரை போட்டுக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி ஏறுவான். அதை நோய் என்று யாரும் சொன்னதில்லை. மண்ணீரல் வீங்கிக் கிடக்கிறது என்று ஒருவர் தொட்டுக் காட்டும்வரை எனக்கே தெரியாது.

வயது வரம்புப்படி இன்னும் ஒரே ஒரு முறைதான் விண்ணப்பிக்கலாம். முதல் முறை தேறியதெல்லாம் செல்லாது. எழுத்துத் தேர்விலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். அதற்குள் மண்ணீரல் சுருங்கியிருக்க வேண்டும் என்றால் காய்ச்சல் திரும்பக் கூடாது, உடம்பை அலட்டக் கூடாது. இந்த நிலையில்தான் கல்லூரியில் என்ன தொகுதி எடுப்பது என்ற கேள்வி வந்தது.

கணிதம், பௌதிகம், ரசாயனம் எடுத்தால் அகாடமியின் எழுத்துத் தேர்வுக்கு உதவும். ஆனால் பாரம் அதிகம். மாலையிலும் சனிக்கிழமையிலும் ஆய்வுக்கூடம். சரித்திரமும் தர்க்கமும் எடுத்தால் மத்தியானத்துக்கு மேல் சுதந்திரம், சனி ஞாயிறு முழு ஓய்வு. கேட்டவர்கள் அனைவரும் சரித்திரத்தையே சொன்னார்கள். கணக்கைத் தனியாகப் படித்துக்கொண்டால் போயிற்று என்றார்கள். உடம்பு தேறும், நேரமும் கிடைக்கும். எனக்கும் அது மிகப் புத்திசாலித்தனமான யோசனையாகப் பட்டது. சரித்திரம் என்று எழுதிக் கொடுத்தேன்.

சனி ஞாயிறு ஓய்வு என்பதை அய்யாவும், அதாவது என் அப்பாவும், கேட்டுவிட்டார் என்பதை நாங்கள் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஏலக்காய் பழுக்கத் தொடங்கியதும் ஊரிலிருந்து ஆள் வந்தது. வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் தேனி, அங்கிருந்து பஸ்ஸில் ஊர், விடியும்போது மெட்டுப் பாதையில் மலை. சனிக்கிழமை இரவு தோட்டத்துக் கொட்டகையில் கொசுக்களோடு படுக்கை. டாக்டர் சொன்னதை அய்யாவிடம் சொல்லாமல் இல்லை.

"எனக்குந்தேன் வருசா வருசம் வருது. நான் என்ன செத்தா போய்ட்டேன்? கொய்னாவ முழுங்கிட்டு ஏறுடா."

"பட்டாளத்துல எடுக்க மாட்டேங்கிறாக அய்யா."

"அப்ப அது என்னடா பட்டாளம்? ஒரு காச்சலுக்குப் பயந்தவுக சண்டைக்கு எப்படிப் போவாக?"

அடுத்த வெள்ளிக்கிழமையும் ரயிலேறினேன்.

நாலைந்து வாரம் இப்படி ஏறி இறங்கியதில் காய்ச்சல் வந்துவிட்டது. விடுதியில் போர்வைக்குள் கிடந்தபோதுதான் புரிந்தது: என்னை மலையேற்றியது ஓய்வு நேரம். எங்கள் பக்கத்தில் கையில் நேரம் இருக்கிற பிள்ளை மலைக்குச் சொந்தம். என்னைக் காப்பாற்ற வேண்டுமானால் பாரமான பாடம்தான் காப்பாற்ற வேண்டும். சனிக்கிழமை ஆய்வுக்கூடம் இருந்தால் மலை இல்லை.

ஆனால் கல்லூரி திறந்து ஒரு மாதம் கழிந்து போயிருந்தது.

இரண்டு நாள் கழித்து, உடம்பு கொஞ்சம் தேறியதுபோல் இருந்த ஒரு பகலில், முதல்வர் அறைக்குப் போனேன். கண்டிப்புக்குப் பேர்போனவர், அதற்கு முன் அவரோடு பேசியதில்லை. உள்ளே நுழைந்ததும் குளிர் மறுபடி பிடித்துக்கொண்டது. பற்கள் கிட்டின. மேசை விளிம்பைப் பிடித்தேன், மேசையும் ஆடியது.

"இப்படி நடுங்கும் அளவுக்கு நான் யாரையும் அடித்ததில்லையே" என்றார்.

"பயம் இல்லை சார், காய்ச்சல்."

உட்காரச் சொன்னார். தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்துத் தந்தார். நான் டாக்டர், மலை, ஏலக்காய், அய்யா என்று எல்லாவற்றையும் துண்டு துண்டாகச் சொல்லி முடித்தேன். அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"பாடத்தைக் குறைக்கச் சொல்லித்தான் இந்த அறைக்கு வருவார்கள். கூட்டச் சொல்லி வந்தவன் நீதான். விதி தெரியுமா?"

"தெரியும் சார்."

"எனக்கு அதிகாரம் இல்லை. மேலிடத்துக்குத்தான் எழுத வேண்டும். எழுதுகிறேன். பதில் வரும் வரை நீ எங்கேயாவது உட்கார வேண்டுமே? கணக்கு வகுப்பில் உட்கார்."

அவ்வளவுதான். விதியை அவர் மீறவில்லை. வளைக்கவும் இல்லை. பதில் வரும் வரை எங்கே உட்கார்வது என்பது பற்றி விதியில் ஒன்றும் சொல்லப்படவில்லை, அதைக் கவனித்தார். என் உத்தியோக காலத்தில் எத்தனையோ விதிப்புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவன் நான். எழுதாத இடத்தைப் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அய்யா அடுத்த வாரமே மதுரைக்கு வந்து நின்றார்.

"சனிக்கெழமகூட லீவு விட மாட்டாகளா?"

"விட மாட்டாக அய்யா. போகலைன்னா பேரை வெட்டிருவாக."

"பேரை வெட்டிருவாகளா?" அய்யா அசந்து போனார். காய்ச்சல் அவருக்குக் காரணமாகப் படவில்லை. பிள்ளையின் பெயரை வெட்டுவது பெரிய காரியம். "அப்ப இங்கனயே கெட. ஒன் மாமன் மகன மலைக்கு ஏத்திக்கிறேன். அந்தப் பயலும் சும்மா ஊரச் சுத்திட்டு ராச்சாப்பாட்டுக்கு மட்டுந்தேன் வீட்டுக்கு வாரான்."

அந்த வருடம் சுலபமாக இல்லை. முதல் பரீட்சையில் கணிதத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுதப் போவதில்லை. ரசாயன ஆய்வுக்கூடத்தில் கையைச் சுட்டுக்கொண்டேன். ஆனால் கொய்னாவை வேளை தவறாமல் விழுங்கினேன், மலைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை, காய்ச்சலும் திரும்பவில்லை. அகாடமித் தேர்வைத் திரும்ப எழுதியபோது கணக்குத் தாள் பழகிய முகம்போல் இருந்தது. மருத்துவப் பரிசோதனைக்கு இம்முறை வேறு டாக்டர். பெயருக்கு ஒரு அழுத்து அழுத்தி, தகுதி என்று தாளில் குறித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஒரு வருடமாக நான் பொத்திப் பொத்திச் சுருக்கிய மண்ணீரலுக்கு அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லாதது எனக்கு வருத்தம்தான். வெளியே வந்து சுவரோரம் நின்று அழுதேன்.

பட்டாளத்திலும் அதற்குப் பிறகு அலுவலகத்திலும் நான் கையெழுத்துப் போடும் இடத்துக்கு வந்தேன். விதிக்குள் அடங்காத கோரிக்கையோடு ஒருவன் எதிரே நிற்கும்போதெல்லாம், மேலிடத்துக்கு எழுதுவேன்; பதில் வரும் வரை அவனை அவன் கேட்ட இடத்திலேயே உட்கார வைப்பேன். அப்படி உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் பதில் வருவதற்குள் தேறி எழுந்து போயிருந்தார்கள்.

என் கோரிக்கைக்கும் பதில் வந்தது. கல்லூரிக்குப் போய், ஊருக்குப் போய், அய்யாவின் கையில் மடங்கி, டேராடூனில் அணிவகுப்பு முடிந்து வேர்வையோடு நின்ற என்னிடம் வந்து சேர்ந்தது. தொகுதி மாற்றம் விதிக்குப் புறம்பானது என்பதால் மறுக்கப்படுகிறது, மாணவர் உடனே சரித்திர வகுப்புக்குத் திரும்ப வேண்டும் என்று எழுதியிருந்தது. அன்று தேதி மார்ச் ஒன்பது; நான் சரித்திர வகுப்பை விட்டு எழுந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.