பதினோராம் தாளில் ஒரு கிணறு

பெற்றோர் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் ‘இணைப்பு’ சார். சலவை நிலையம், சாயப்பட்டறை, வண்டி கழுவும் இடம் என்று தண்ணீரை அழுக்காக்கி வெளியே விடுகிற தொழில்களுக்கு உரிமம் வழங்கும் பிரிவின் கண்காணிப்பாளர். யார் விண்ணப்பத்தோடு வந்து நின்றாலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே “இணைப்பு எங்கே?” என்று கேட்பார். பக்கத்து மேசைக்காரர் தன் கல்யாணப் பத்திரிகையை நீட்டியபோதும் அதையே கேட்டார் என்று ஒரு கதை உண்டு. அது பொய் என்று அவர் இன்றுவரை சொல்லவில்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த விண்ணப்பம் நான்கு தாள். இருபத்தாறு வருடத்தில் அது பதினேழு தாளாகக் கொழுத்துவிட்டது. கூடிய பதிமூன்றில் ஒன்பது அவர் பெற்ற பிள்ளைகள். எட்டாம் தாள் வளாகத்தில் எத்தனை மரங்கள் என்று கேட்கும். ஒரு சாயப்பட்டறைக்காரர் அவரிடம் எடுத்தெறிந்து பேசிய கோபத்தில் பிறந்த தாள் அது. அந்த மனிதர் தொழிலையே விட்டுவிட்டுப் போய் பத்து வருடமாகியும் மற்றவர்கள் மரம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். பதினான்காம் தாள்தான் அவருடைய செல்லப்பிள்ளை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை தொழிலை இருக்கிறபடியே நடத்தலாம், ஆனால் வளாகத்தில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று அதில் கையெழுத்து வாங்கிக்கொள்வார். அதை யோசித்த அன்று தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

இப்படிப்பட்டவரிடம் புது மேலதிகாரி வந்து குண்டைத் தூக்கிப் போட்டார். அவரைவிட இருபது வயது இளையவர் அந்த அம்மாள்.

“சார், இந்தப் பதினேழு தாளும் ரெண்டாகணும். பாதுகாப்பு கொஞ்சமும் குறையக்கூடாது. எதை எடுக்கலாம், எதை வைக்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும்.”

“மேடம், ஒவ்வொரு தாளும் ஒரு உயிரைக் காப்பாத்துது.”

“நல்லதாப் போச்சு. எந்தத் தாள் யாரைக் காப்பாத்துச்சுன்னு பக்கத்துல எழுதிக் குடுங்க. அதையெல்லாம் வச்சுக்கலாம்.”

இரண்டு நாள் எழுதுகோலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தாள்களுக்கு எதிரே ஒரு பெயரும் விழவில்லை. உட்கார்ந்த நேரத்தில் விரல் இடுக்குகளைச் சொறிந்துகொண்டதுதான் மிச்சம். ஒரு வருடமாகவே அவருக்குக் கைகால் அரிப்பு. கோப்புகளின் தூசியால் வந்தது, உழைப்பின் பரிசு என்று கேட்டவரிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார். வீட்டில் தையல் வேலை செய்யும் மனைவிக்கும் அதே அரிப்பு, இன்னும் மோசமாக. விரல்நுனி வெடித்து, நூல் அதில் மாட்டி, ஊசியைக் கீழே வைத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொள்வாள். அவள் எந்தக் கோப்பைத் தொட்டாள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. தன் சட்டையில் ஒட்டி வரும் தூசி என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

மூன்றாம் நாள் மேலதிகாரியிடம் ஒரு முடிவோடு போனார். எடுத்துவிடலாம் என்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று, பாட்டில் சோதனை. சொல்லாமல் கொள்ளாமல் இடத்துக்குப் போய், வெளியே வருகிற தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்ற பழைய விதி அது. பதினேழு தாளைச் சரிபார்த்து முடிக்கவே பொழுது போய்விடுவதால் பல வருடமாக யாரும் பாட்டிலைத் தொட்டதில்லை. மொத்த நடைமுறையில் நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டிய வேலையும் அது ஒன்றுதான். அதைப் பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. “உங்க மேசையில மேல இருக்கிற கோப்பை எடுத்துட்டு வாங்க சார். ஒண்ணே ஒண்ணைச் சேர்ந்து படிப்போம்” என்றார்.

மேலே இருந்தது அவருடைய மச்சினனின் கோப்பு. மனைவியின் தம்பி அவர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சலவை நிலையம் வைத்திருந்தான். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பது தொழில். சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினார் என்று நாக்கு மேல் பல்லைப் போட்டு யாரும் பேசிவிடக்கூடாது என்று, அந்த விண்ணப்பத்தை மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு சல்லடை போட்டுச் சலித்தார். பதினான்கு மாதத்தில் ஆறு முறை திருப்பி அனுப்பியிருந்தார். ஒருநாள் வீட்டுக்கு வந்து அவன் ஏதோ பேச வாயெடுத்தபோது, “ஆபீஸ் விஷயத்தை ஆபீஸ்ல பேசு மாப்ள” என்று வெட்டிவிட்டு, அன்று முழுவதும் தன் நேர்மையை நினைத்துப் பூரித்துப்போயிருந்தார்.

“படிங்க சார்” என்றார் மேலதிகாரி. “சத்தமா.”

பத்துத் தாளைக் கணீரென்று படித்தார். பதினோராம் தாளில் குரல் நின்றது. கழிவுநீர் எந்த வழியாக எங்கே போய்ச் சேருகிறது என்று கையால் படம் வரையச் சொல்லும் தாள் அது. மச்சினன் பென்சிலால் அக்கறையாக வரைந்திருந்தான். சலவை நிலையம், பின்னால் ஒரு வாய்க்கால், வாய்க்கால் வந்து தேங்கும் பள்ளம், பள்ளத்தை ஒட்டி ஒரு வட்டம். வட்டத்துக்குள் எழுதியிருந்தான்: ‘அத்தான் வீட்டுக் கிணறு.’

படத்துக்குக் கீழே அவருடைய சொந்தக் கையெழுத்தில், சிவப்பு மையில், ஒரு குறிப்பு இருந்தது. ‘படம் இரண்டு பிரதிகளில் தரப்படவில்லை. திருப்பி அனுப்பப்படுகிறது.’

அதே தாளை ஆறு முறை பார்த்திருக்கிறார். கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தார். கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. மேலதிகாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ‘இணைப்பு’ சாருக்கோ கூசிப்போய்விட்டது. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் தினமும் நனையும் மனைவியின் விரல்கள் கண்முன்னால் வந்து நின்றன.

நேராக மச்சினன் இடத்துக்குப் போனார். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. பின்கதவுக்கு வெளியே நுரையும் வெளுப்பு மருந்தின் காரநெடியுமாகத் தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. சுவரோரமாகப் புத்தம்புதுச் சுத்திகரிப்புத் தொட்டி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன்மேல் ஒரு பூனை சுருண்டு படுத்திருந்தது.

“தொட்டி வாங்கி வச்சிருக்கியே, ஏன்டா மாட்டல?”

“நீங்கதான அத்தான் பதினாலாம் தாள்ல கையெழுத்து வாங்கினீங்க? உரிமம் வர்ற வரைக்கும் ஒரு குழாயைக்கூட மாத்தக்கூடாதுன்னு?”

செல்லப்பிள்ளை நடுவீதியில் மானத்தை வாங்கிவிட்டது.

“என்கிட்ட நேர்ல சொல்லியிருக்கலாமே மாப்ள.”

“சொல்ல வந்தேன். ஆபீஸ்ல பேசுன்னீங்க. ஆபீஸ் தாள்ல எழுதினேன். எழுதினா படிப்பீங்கன்னு நெனச்சேன் அத்தான்.”

அடுத்த வாரம் விண்ணப்பம் இரண்டு தாளாயிற்று. முதல் தாளில் என்ன மருந்து சேர்க்கிறீர்கள், எவ்வளவு, எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்ற கேள்விகள். இரண்டாம் தாளில் அந்தப் படம், ஒரே பிரதி. தொட்டியை இணைக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. மிச்சமான நேரத்துக்கெல்லாம் சேர்த்துப் பாட்டில் வந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொல்லாமல், எல்லா இடத்திலும். தண்ணீர் தேறாவிட்டால் அன்றே இயந்திரம் நிற்க வேண்டும். மரம் எண்ணும் தாளை அவரே கிழித்துப் போட்டார்.

சொந்தக்காரன் கோப்பு என்பதால் உரிமத்தில் மேலதிகாரி கையெழுத்திட்டார். தொட்டி மாட்டப்பட்டது, பூனை வேறு இடம் பார்த்துக்கொண்டது. ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலையில் ஆய்வாளரோடு அவரும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய் நின்றார். மச்சினன் சிரித்தான்.

“நம்ம இடம்தான அத்தான்? பாட்டில் எதுக்கு?”

“நம்ம கிணறு மாப்ள. அதுக்குத்தான்.”

தண்ணீர் தேறவில்லை. விரிப்புகள் குவிகிற நாட்களில் தொட்டி நிதானமாகத்தான் வேலை செய்கிறது என்று, பொறுமையில்லாமல் பழைய குழாயைத் திறந்துவிட்டிருந்தான். தனக்குப் பிரிவில் பெயரே ‘பாட்டில்’ என்று மாறியிருந்ததையும், அது வெளியே கேட்பவர்களுக்கு வேறு அர்த்தம் தரும் என்பதையும் அன்று அவர் லட்சியம் செய்யவில்லை. உத்தரவு ஒரே வரியில் போயிற்று: பழைய குழாயை அடைத்துத் தண்ணீர் தேறும்வரை இயந்திரம் ஓடக்கூடாது. அவ்வளவு சிறிய கடிதம் அந்த அலுவலகத்திலிருந்து அதற்கு முன் போனதில்லை.

மச்சினன் பேச்சை நிறுத்தினான். குழாயை அடைத்து, இன்னொரு சிறிய தொட்டியும் வைத்து, நான்காம் நாள் அவனே பாட்டிலுக்கு ஆள் அனுப்பச் சொன்னான். தண்ணீர் தேறியது. அந்த நான்கு நாளும் வீட்டில் மனைவியும் வாய் திறக்கவில்லை. தட்டை வைக்கிற சத்தத்தில்தான் எல்லாம் பேசினாள். தம்பி பாசம், வேறென்ன என்று நினைத்துக்கொண்டு அவர் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

ஐந்தாம் நாள் மாலை அவளே ஆரம்பித்தாள். களிம்பு தடவிய விரல்களை விரித்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் தம்பி தொழிலை நிறுத்தினீங்கன்னு கோவம்தான்.”

“தெரியும்மா. ஆனா விதின்னு ஒண்ணு…”

“முழுசா கேளுங்க. பதினாலு மாசம் முன்னாடியே ஏன் நிறுத்தலன்னு அதைவிடக் கோவம்.”

இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பேரைப் பதில் போதாது என்று திருப்பி அனுப்பியவர் எழுந்தார். கிணற்றில் இன்னும் தண்ணீர் தெளியவில்லை என்பதால், வாளியை எடுத்துக்கொண்டு தெருக்குழாய்க்கு நடந்தார்.