பொண்டாட்டி விசாவில் போன தரணி

அக்கரப்பத்தனை கடைத்தெருவில் தரணிதரனைத் தெரியாத ஒருவர் இருந்தால், அவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். பட்டா என்கிற சின்ன லொறி ஓட்டுகிறவன். சுற்றுவட்டத் தோட்டங்களில் விளையும் லீக்ஸ், கரட், கோவா எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய் நுவரெலியா மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, திரும்பி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தானென்றால் அதற்குப் பிறகு லொறி ஓடாது, அவன் வாய்தான் ஓடும். யார் பெண்டாட்டிக்குப் பயந்தவன், யார் மாமியார் வீட்டுச் சோற்றில் சதை போட்டவன் என்று ஊரையே வம்புக்கு இழுப்பான். அப்படிப்பட்டவன் ஒருநாள் வசமாக மாட்டினால் ஊர் சும்மா விடுமா என்ன?

மாட்டிவிட்டது அவன் மனைவி கோசலா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். தேயிலைத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரிப் பட்டம் முடித்து, அதற்குப் பிறகும் புத்தகத்தைக் கீழே வைக்காதவள். ஆஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகம் கல்வியியலில் இரண்டு வருட மேற்படிப்புக்கு அவளுக்கு இடம் கொடுத்தது. கட்டணத்திலும் பெரும்பகுதியைக் குறைத்தது. மீதிக்கு அலைந்த கதை தனி. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கே எரிச்சல் வரும், விட்டுவிடுவோம்.

டீக்கடையில் அவன் கூட்டாளி அழகன்தான் முதலில் ஆரம்பித்தான். டீச்சருக்கு ஸ்டூடன்ட் விசா, சரி, உனக்கு என்ன விசா என்று கேட்டுவிட்டு, பதிலையும் அவனே சொன்னான்: பொண்டாட்டி விசா. கடையே குலுங்கியது. தரணியும் சிரித்தான். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான் என்றால் எவ்வளவு ரோஷம் வந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ரோஷத்தோடுதான் நுவரெலியாவில் விசா வேலை பார்த்துக் கொடுக்கும் கோகுலராஜின் மாடி ஆபீசுக்குப் போனான். பக்கத்தில் கோசலா, மடியில் ஐந்து வயது மகள் கௌசி. கோகுலராஜ் ஆள் மோசமில்லை, ஆனால் எதையும் சீக்கிரம் முடித்துவிட வேண்டும் என்கிற அவசரக்காரன். பேப்பர்களைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நின்று, விவாகச் சான்றிதழ் எங்கே என்று கேட்டான். புருஷனும் பெண்டாட்டியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அப்படி ஒன்று இல்லவே இல்லை.

நம்ம தோட்டங்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. மாரியம்மன் கோயிலில் தாலி கட்டி, தப்பு அடித்து, லயம் முழுக்கச் சோறு போட்டுவிட்டால் கல்யாணம் முடிந்தது. எழுத்து என்பது அதற்குப் பிறகு எப்போதாவது ஆபீசுக்குப் போய்ப் பதிவு பண்ணுகிற விஷயம். அடுத்த மாதம் என்பார்கள். அடுத்த மாதம் உருளைக்கிழங்கு விலை ஏறிவிடும், அதற்கடுத்த மாதம் திருவிழா வந்துவிடும், பிறகு பிள்ளையே பிறந்துவிடும். அதன் பிறகு யாருக்கு எழுத்து ஞாபகம் இருக்கும்? தரணி இப்படியே ஏழு வருடத்தை ஓட்டியிருந்தான். கோசலா கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள்.

கோகுலராஜ் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணே, இது நல்லதுக்குத்தான். பேப்பர்ல அக்கா சிங்கிள். சிங்கிளாவே போகட்டும், சுருக்கா கெடைக்கும். அங்க போய் கால் ஊன்னதுக்கு அப்புறம் ஒங்களையும் புள்ளையையும் கூப்பிட்டுக்கலாம்" என்றான்.

தரணிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பெண்டாட்டி விசா இல்லை, டீக்கடைப் பேச்சு இல்லை, மனைவியின் படிப்புக்காகப் பிள்ளையோடு இங்கேயே கிடக்கும் தியாகி என்கிற பட்டம் வேறு. உடனே தலையாட்டிவிட்டான். கோசலா ஆட்டவில்லை. வீட்டுக்கு வந்து, ஆஸ்திரேலிய அரசாங்கம் போட்டிருந்த விசா விதிகளை போனிலேயே உட்கார்ந்து படித்தாள். கூட வந்தாலும் வராவிட்டாலும் புருஷனையும் பிள்ளையையும் முதல் விண்ணப்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்துவிட்டுப் போனால் பிறகு அந்த விசாவில் அவர்களை அழைத்துக்கொள்ள முடியாது என்று அதில் இருந்தது. குடும்பமாகவே சேர்ந்து கேட்கும் வழியும் இருந்தது.

அவள் அதை அவனுக்கு நிதானமாக எடுத்துச் சொன்னாள். ஒருத்தியாகப் போனால் இரண்டு வருடம் முழுக்க ஒருத்தியாகவே இருக்க வேண்டியதுதான். "பொய் சொல்லி போக எனக்கு இஷ்டமில்ல. போனா மூணு பேரும் போறோம், இல்லன்னா யாருமே போகல. நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

தரணி என்ன சொல்வான்? இரண்டு வருடம் என்ன பெரிய காலமா, கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும், நம்ம ஆட்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு வெளிநாடு போனதே இல்லையா என்று என்னென்னவோ பேசினான். வீறாப்புத்தான், வேறென்ன? அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த அவன் அம்மா லெட்சுமி இதைக் கேட்டாள். பிசைந்த மாவையே திரும்பத் திரும்பப் பிசைந்தாள்.

அந்த அம்மா ஒரு காலத்தில் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனவள். தரணிக்கு அப்போது எட்டு வயது, அப்பா இல்லை, லயத்து வீடு ஒழுகியது, கடன்காரர்கள் வாசலிலேயே நின்றார்கள். அவனைச் சித்தியிடம் விட்டுவிட்டுப் போனவள் ஐந்து வருடம் கழித்துத்தான் திரும்பினாள். பெட்டி நிறையச் சாமானோடு வந்து இறங்கியவளைக் கண்டு, பையன் சித்தியின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அதற்குப் பிறகு இருவரும் ஒரே வீட்டில்தான் வாழ்கிறார்கள், பிரியமாகவும்தான் இருக்கிறார்கள். ஆனால் அந்த ஐந்து வருடத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கோசலா பதில் கேட்ட வாரத்திலேயே ஒருநாள் லொறியில் கரட் ஏற்றுவது சுணங்கி நேரமாகிவிட்டது. முன்பள்ளிக்குக் கிளம்பி நின்ற கௌசி, மூட்டை மேல் உட்கார்ந்து பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு கரட்டை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அம்மா, சாப்பிட்டீங்களா, அங்க குளிரா என்று கொஞ்ச நேரம் பேசினாள். பிறகு கரட்டைக் கீழே வைத்துவிட்டு, பொம்மையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாத. அம்மா அடுத்த வருஷம் வந்துருவாங்க" என்றாள்.

தரணியின் கையில் இருந்த மூட்டை அப்படியே நழுவிவிட்டது. வார்த்தைக்கு வார்த்தை சித்தி அவனிடம் சொன்னது அதுதான். ஐந்து வருடம், ஒவ்வொரு தீபாவளிக்கும் சொன்னது.  தன் ரோஷத்துக்காக இந்தப் பிள்ளையை அதே இடத்தில் கொண்டு போய் நிறுத்தப் பார்த்தோமே என்று நினைத்தபோது தன் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது.

கோபம் வந்த மனிதன் என்ன செய்தான் தெரியுமா? மகளைத் தூக்கி முன் சீட்டில் போட்டுக்கொண்டு, நுவரெலியாவுக்குப் போக வேண்டிய லொறியைப் பள்ளிக்கூடத்துக்கு விட்டான். கோசலா ஐந்தாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். வாசலில் சேற்றுக் காலோடு வந்து நின்றவனைப் பார்த்து, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறினாள்.

"கோசலா, நம்ம கல்யாணத்த எழுதுவோமா?" என்று கேட்டான் தரணி.

முப்பது பிள்ளைகளும் திரும்பி டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் சாக்கட்டியைக் கீழே வைத்தாள். "ஏழு வருஷமா நான்தான் ஒங்கள கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள்.  பிள்ளைகளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது, மொத்தமாகக் கை தட்டினார்கள். அன்றைய கரட் மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரும்போது விலை இறங்கிவிட்டிருந்தது. தரணி அதைப் பற்றிக் கவலைப்படவே இல்லை.

பதிவாளரிடம் அறிவித்தல் கொடுத்து, காத்திருக்கச் சொன்ன நாளெல்லாம் காத்திருந்தார்கள். சத்தமில்லாமல் இரண்டு சாட்சிகளோடு போய் வரலாம் என்பதுதான் கோசலாவின் திட்டம். தோட்டத்தில் அதெல்லாம் நடக்கிற காரியமா? எழுத்து அன்று காலை பட்டா லொறியில் கரட்டுக்குப் பதிலாக ஆட்கள் ஏறினார்கள். அழகன் எங்கிருந்தோ தப்பு அடிக்கிறவர்களைக் கூட்டி வந்துவிட்டான். கௌசி பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, எங்க அம்மாவுக்கும் அப்பாவுக்கும் கல்யாணம் என்று வழியில் பார்த்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தாள். கேட்டவர்கள் சிரித்துச் சிரித்து மாய்ந்து போனார்கள். பதிவாளர் ஒரு சிங்களப் பெரியவர். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்த கௌசியைப் பார்த்துவிட்டு, இந்தச் சாட்சிக்கு வயது போதாதே என்று அழகான தமிழில் சொன்னார்.  கையெழுத்துப் போட்டபோது இருந்த பதற்றம் கோயிலில் தாலி கட்டும்போது கூட இல்லை என்று பிறகு தரணியே ஒத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு மூன்று பேருக்கும் சேர்த்தே விண்ணப்பம் போனது. கோகுலராஜ் தன் அவசரத்தை ஒத்துக்கொண்டு, கூலியில்லாமலேயே எல்லாவற்றையும் சரிபார்த்துக் கொடுத்தான். கல்யாணத்தை இத்தனை வருடம் கழித்து ஏன் பதிவு செய்தீர்கள் என்று ஆஸ்திரேலியாவில் இருந்து ஒரு கேள்வி வந்தது. கோசலா உள்ளதை உள்ளபடி எழுதி, கோயில் கல்யாணப் படங்களையும் மகளின் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்து அனுப்பினாள். அனுப்பிய பிறகு பதிலே இல்லை. தரணி டீக்கடையில் கூட அதிகம் பேசாமல் இருந்தான். லயத்தில் அதைப் பார்த்து எல்லோருக்கும் பயமே வந்துவிட்டது.

பதில் வந்த நேரத்தில் அவன் மார்க்கெட்டில் லீக்ஸ் இறக்கிக்கொண்டிருந்தான். கோசலா போனில் அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே அவனுக்குத் தெரியவில்லை. மூன்று பேருக்கும் கிடைத்துவிட்டது என்ற வார்த்தை மட்டும் காதில் விழுந்தது. மீதி லீக்ஸை யார் இறக்கினார்கள், லொறியை எப்படி ஓட்டி வந்தான் என்று கேட்டால் இன்றைக்கும் அவனுக்குச் சொல்லத் தெரியாது. வீட்டுக்குப் போகவில்லை. அம்மா கொழுந்தெடுக்கும் மேல் மலைக்கு, பாதையில்லாத பாதையாக, மூச்சிரைக்க ஏறினான்.

லெட்சுமி தேயிலைக்கு நடுவில் நின்றவாறே மகனைப் பார்த்தாள். "புள்ளைக்கும் கெடைச்சிருச்சா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

மூன்று பேருக்கும் என்றான். அவள் கொழுந்துக் கூடையை இறக்கிக் கீழே வைத்தாள். கறை படிந்த விரல்களைச் சேலையில் துடைத்தாள். 

"எனக்கும் இப்படி ஒரு விசா குடுத்திருந்தாங்கன்னா, ஒன்னைய விட்டுட்டா தம்பி நான் போயிருப்பேன்?" என்றாள்.

சித்தியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்த நாளில் இருந்து தரணி கேட்கத் துடித்த கேள்விக்கு அதுதான் பதில். கேட்காமலே கிடைத்துவிட்டது. ஊரையே பேசி ஜெயிக்கிற மனிதன் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, செடிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்து, தேம்பித் தேம்பி அழுதான். சந்தோஷத்தில் அழுகிறவனுக்கு வெட்கம் ஏது? மேல் வரிசையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த ஜீவராணி அதைப் பார்த்துப் பயந்துபோய், விசா இல்லை என்று சொல்லிவிட்டார்களா அக்கா என்று கேட்டாள்.

லெட்சுமியும் கீழே உட்கார்ந்து மகனின் தலையைத் தன் மடியில் அணைத்துக்கொண்டாள். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு, கண் முழுக்கத் தண்ணீர்.

"கெடைச்சதுக்குத்தான் அழுவுறான். நீ கொழுந்தப் பாருடி" என்றாள்.