கல்லிடுக்குத் தோட்டமும் வைகாசித் தவணையும்

லண்டன் ஹரோவில் எங்கள் தெருவில், வாகனம் நிறுத்துவதற்காக முன்தோட்டத்தைக் கொங்கிறீற் போட்டு மூடாத தமிழ் வீடுகள் மூன்றுதான் மிஞ்சியிருந்தன. மற்ற இரண்டு வீட்டாரிடமும் வாகனம் இல்லை. எங்களிடம் காரும் இருந்தது, எங்களோடு இருந்த என் மனைவியின் தம்பியின் வானும் இருந்தது. கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோகும் வான் அது. ரயிலுக்குப் போகிறவர்கள் எங்கள் தெருவை நிறைத்துவிடுவதால் மூன்று தெரு தள்ளி நிற்கும். இரண்டு முறை அதன் பக்கக் கண்ணாடியை யாரோ உடைத்திருந்தார்கள். ஆகவே, 1992 செப்டெம்பரில் முன்தோட்டத்தில் அல்பைன் செடிகளுக்காக ஒரு கல்லிடுக்குத் தோட்டம் கட்டப்போகிறேன் என்று நான் அறிவித்தபோது வீட்டில் யாரும் கைதட்டவில்லை.

அந்த ஆசை ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நூலக மண்டபத்தில் பிடித்தது. செக் நாட்டிலிருந்து வந்த ஒருவர் படங்கள் போட்டுக் காட்டினார். தட்டைக் கற்களைப் புத்தகங்கள் போல நிமிர்த்தி நெருக்கி அடுக்கி, நடுவே ஒரு விரல் நுழையும் இடுக்கு விட்டு, அதற்குள் மணலையும் சரளையையும் நிரப்பி, மலையுச்சிச் செடிகளை நடுவது. பார்க்க வந்த ஒன்பது பேரில் எனக்கு மட்டும்தான் ஐம்பது வயதுக்குக் கீழே.

"கல்லுக்கை செடி வளருமோ?" என்றாள் மனைவி.

"அங்கேதான் வளரும்."

"அப்ப என்ரை வான்?" என்றான் மச்சான். "அத்தான், வானும் உங்கடை செடி மாதிரித்தான். கண்ட கண்ட தெருவிலை விட்டா வாடிப்போகும்."

மனைவிதான் தீர்ப்புச் சொன்னாள். "வைகாசி முடியுமட்டும் பாப்பம். ஒரு பூவெண்டாலும் பூத்தால் கிடக்கட்டும். இல்லையெண்டால் கல்லை எடுத்துப்போட்டு கொங்கிறீற்."

நான் ஒப்புக்கொண்டு, எதையும் திகதியோடு எழுதிவைக்கும் என் குறிப்பேட்டில் 'தவணை: 31 மே 1993' என்று எழுதினேன்.

ஒக்டோபரில் மூன்று வார இறுதிகள் கல்லோடு போயின. எங்கள் பகுதி மண் சுத்தமான களி. மழை பெய்தால் சப்பாத்தை விடாது. அதன்மேல் மணலை மேடாகக் குவித்து, மணற்கற் பலகைகளை மூன்றில் இரண்டு பங்கு புதையும்படி, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்க நிறுத்தினேன். பிறகு பதினேழு செடிகளையும் சட்டியிலிருந்து எடுத்து, வேரிலிருந்த மண்ணை முழுவதும் கழுவி, வெண்ணெய்க் கத்தியால் இடுக்குக்குள் தள்ளி, கற்சில் வைத்து இறுக்கினேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் லத்தீன் பெயரும் நட்ட திகதியும் எழுதிய சிறு தகடு.

வேலையால் வந்த மச்சான் படலையடியில் நின்று பார்த்தான். "ஆரைப் புதைச்சிருக்கிறியள், அத்தான்? ஒரு குடும்பம் முழுக்கப் போய்ச்சேர்ந்த மாதிரியெல்லோ கிடக்கு."

அந்தத் தகடுகளை நான் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

டிசம்பரில் செடிகள் அழுகத் தொடங்கின. முதலில் சாக்சிஃப்ரேஜ்கள். பச்சைப் பஞ்சு உருண்டை மாதிரி இருந்தவை பழுப்பு நிறக் கூழாகின. மழைதான் காரணம் என்று நினைத்துக் கண்ணாடித் தகடுகளால் மூடினேன். கண்ணாடிக்குக் கீழேயும் அழுகின. போதாததற்கு நரி வேறு வந்து இடுக்குகளைக் கிளறியது. எங்கள் முன்தோட்டத்தில் அதற்கு என்ன வேலை என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் என் குறிப்பேட்டில் இருந்தது: நரி வந்து கிளறியது எப்போதும் வியாழனும் ஞாயிறும். புதனும் சனியும் எங்கள் வீட்டில் மீன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, காலையில் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுத் தெருமூலையில் நின்றேன். மனைவி சட்டியோடு வெளியே வந்தாள். கண்ணாடிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, அளவாக, ஒன்றையும் விடாமல் ஊற்றினாள்.

"என்னது அது?" என்று படலையடிக்கு வந்து கேட்டேன்.

"மீன் கழுவின தண்ணி. ஏனப்பா, கடைக்குப் போகேல்லையே?"

"எத்தனை நாளா?"

"நட்ட நாள் துவக்கம்."

"உம்முடைய தம்பியின்ரை வானுக்காகவோ?"

அவள் சட்டியைக் கீழே வைத்தாள். "வானுக்கெண்டால் கொதிதண்ணியெல்லோ ஊத்தியிருப்பன்? அதுகளைச் சாப்பாடில்லாமல் மணலுக்கை வைச்சிருக்கிறியள். பாவம் பாத்து, ஒண்டெண்டாலும் பூக்கட்டும் எண்டுதான் ஊத்தினனான்."

இந்தச் செடிகளுக்குப் பட்டினிதான் ஆரோக்கியம், கொழுத்த உரம்தான் நஞ்சு என்பதை எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் விளங்கப்படுத்த முடியும்? எங்கள் வீட்டில் எவரும் பட்டினியால் சாக வழியில்லை. உபசரிப்பால் சாகலாம்.

மார்ச் மாதம் நான்கு செடிகள் மிஞ்சின. நீலப் பூப் பூக்கவேண்டிய ஜென்ஷியன் இலைவிட்டுக் கொழுத்தது, பூக்கிற எண்ணமே இல்லை. ஆனால் கல்லின் தென்புறத்தில் ஒரு குள்ள டயந்தஸ் செடி மே மாத நடுவில் அரிசி அளவில் ஒரு மொட்டு வைத்தது. மனைவி இப்போது அதற்குக் கிட்டவே போவதில்லை, கைராசி பிழைத்துவிடுமாம். மச்சான் தினமும் காலையில் குனிந்து பார்த்துவிட்டு வேலைக்குப் போனான். அவன் பார்த்தது எந்த ஆசையில் என்று எனக்குத் தெரியும்.

மே 31, திங்கட்கிழமை, பொதுவிடுமுறை. இருட்டும்வரை மொட்டு திறக்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் நானே மச்சானிடம் சொன்னேன்: "தவணை முடிஞ்சுது. கொங்கிறீற்காரனை வரச்சொல்லு." மச்சான் பெரிய மனதோடு சிரிக்காமல் இருந்தான். ஆள் ஜூன் ஏழாம் திகதி வருவதாக ஏற்பாடாயிற்று.

ஐந்தாம் திகதி, சனிக்கிழமை காலை, பூ திறந்தது. ஐந்து பென்ஸ் நாணயக் குற்றியளவு, கடும் ரோஸ் நிறம். நான் பார்த்தேன், குறிப்பேட்டில் எழுதினேன், கல்லைத் தூக்க மண்வெட்டியை எடுத்து வைத்தேன். திகதி திகதிதான்.

மனைவி வந்து பார்த்தாள். திரும்பிக் குசினிக்குப் போய், சுவரில் தொங்கிய கோயில் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள்.

"வைகாசி எண்டுதானே நான் சொன்னனான். இஞ்ச பாருங்கோ. வைகாசி முடிய இன்னும் ஒரு கிழமைக்கு மேலை கிடக்கு."

"அக்கா!" என்றான் மச்சான். "நாங்கள் வைகாசி எண்டுறது மே மாசத்தையெல்லோ! வானின்ரை வருசாந்த டெஸ்ற் வைகாசி ஏழாம் திகதி எண்டு நீங்கள்தானே நினைப்பூட்டினனீங்கள். உந்தக் கலண்டரைப் பாத்துப் போயிருந்தால் பொலிஸெல்லோ பிடிச்சிருப்பான்!"

"வானுக்கு மே," என்றாள் மனைவி. "பூவுக்கு வைகாசி."

நியாயம் முழுவதும் மச்சானின் பக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு வைகாசி என்றால் மே. செப்டெம்பரில் அவள் சொன்னதும் அதையேதான், நான் எழுதி வைத்ததும் அதையேதான். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்ட எனக்கு அரை நிமிடம் போதும். இருபது வருடமாகத் திகதிகளுக்கு உண்மையாக இருந்த மனிதன், குறிப்பேட்டைக் கால்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், குனிந்து பூவைப் பார்த்தான். "இதுக்கே இவ்வளவும்?" என்றான். பிறகு உள்ளே போய்த் தொலைபேசியை எடுத்தான். திங்கட்கிழமை வரவேண்டாம் என்றும், ஏனென்றால் எங்கள் வீட்டில் மே மாதம் இன்னும் முடியவில்லை என்றும் அயர்லாந்துக்காரரான கொங்கிறீற்காரருக்கு ஆங்கிலத்தில் அவன் மூன்று தரம் விளங்கப்படுத்தியது வாசல்வரை கேட்டது.