மடைமாடன் எந்த ஊர்க்காரர்?

தாமிரபரணியிலிருந்து பிரியும் வாய்க்கால் முதலில் எங்கள் ஊருக்கு வரும். எங்களைத் தாண்டித்தான் அம்மா பிறந்த ஊருக்குப் போகும். அதனால் நாங்கள் மேலூர், அவர்கள் கீழூர். சர்க்கார் வைத்த பெயர்களும் உண்டு. அவை பஸ் போர்டில் மட்டும் இருக்கும். இரண்டு ஊருக்கும் எல்லையில் ஒரு மடை. மடைச் சுவரில் பதித்த ஒரு கல். அதுதான் மடைமாடன்.

மாடனுக்கு முகம் கிடையாது. எண்ணெயும் மஞ்சளும் ஏறிக் கறுத்துப்போன பலகைக்கல், அவ்வளவுதான். ஆனால் கதை உண்டு, அதுவும் இரண்டு. தண்ணீருக்காக நடந்த பெரிய சண்டையில் கீழூர்க்காரர்கள் வெட்டிப்போட்ட நம் ஆள் அவர் என்பார் பெரியப்பா. இல்லை, மேலூர்க்காரர்கள் வெட்டிப்போட்ட நம் ஆள் என்பார் கீழூரில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி. வெட்டியவன் பெயரும் வெட்டுப்பட்டவன் பெயரும் யாருக்கும் தெரியாது. அதனாலேயே கதை பழுதில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு ஊரும் பெண் கொடுத்து, பெண் எடுத்துக்கொண்டன. மாடனுக்கு மட்டும் தனித்தனி நாளில் பொங்கல் வைத்தன.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது மடையைப் புதிதாகக் கட்ட ஜேசிபி வந்தது. பழைய சுவர் இடிந்ததில் மாடன் சேதமில்லாமல் கழன்று புல்லில் கிடந்தார். புதுச் சுவர் எழும்பும்வரை அவரை எந்த ஊரில் வைப்பது என்று யாரோ கேட்டார்கள். கேட்டிருக்கக் கூடாது. அன்றோடு பெரியப்பாவும் மாமாவும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

மாடன் எங்கே தங்கினாலும் எனக்குச் சம்மதம்தான். என் கவலை தம்பியின் காதுகுத்து. அடுத்த வாரம் வைத்திருந்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே குத்த வேண்டும்? "அவன் மடியில எங்க வீட்டுப் பிள்ள உக்காராது" என்றார் பெரியப்பா. "எங்க தம்பி மடி இல்லாட்டா காதுகுத்தே வேண்டாம்" என்றாள் அம்மா. அதன்பின் அவள் பாத்திரங்களோடு மட்டும்தான் பேசினாள். அப்பா எந்தப் பக்கமும் சாயாமல் அடிக்கடி வயலுக்குப் போனார். எனக்கு எடுத்த பட்டுப்பாவாடை பீரோவுக்குள் கிடந்து என்னைக் கூப்பிட்டது.

அப்போதுதான், ஒரு சனிக்கிழமை, சுண்ணாம்புத் தூசியோடு சாமி கிடக்கிறாரே என்று யாரோ சீயக்காய் போட்டுக் கல்லைத் தேய்த்திருக்கிறார்கள். கறுப்பு கரைய, உள்ளே எழுத்து. அதுவும் இங்கிலீஷ் எழுத்து.

படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு ஊரிலும் இருந்தார்கள். ஆனால் மேலூர்க்காரர் படித்தால் கீழூர் நம்பாது; கீழூர்க்காரர் படித்தால் மேலூர் நம்பாது. அப்பா மேலூர், அம்மா கீழூர் என்று நான்தான் பொது ஆள். வேனில் டவுனுக்குப் போய் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள் வேறு. கூட்டிக்கொண்டு போனார்கள்.

"ஏட்டி, உள்ளத உள்ளபடி படிக்கணும்" என்றார் பெரியப்பா.

விரலை வைத்துப் படித்துத் தமிழில் சொன்னேன். இந்த ஊரிலிருந்து பதினொரு பேர் பெரிய போருக்குப் போனார்கள். அவர்களில் மூன்று பேர் உயிரைக் கொடுத்தார்கள்.

"எந்த ஊருன்னு பேரு போட்டிருக்கா?" மாமா கேட்டார்.

"பேரு இல்ல மாமா. 'இந்த ஊரு'ன்னுதான் இருக்கு."

"இந்த ஊருன்னா?"

"கல்லு எங்க நிக்குதோ, அந்த ஊரு."

"கல்லு இப்ப ஜேசிபிக்கு அடியிலல்லா கிடக்கு" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

பெரியப்பா அதைக் காதில் வாங்கவில்லை. "பெரிய போருன்னு வெள்ளைக்காரனே எழுதியிருக்காம் பாருங்க. நம்ம வாய்க்கா சண்டை அம்புட்டுப் பெருசு."

எனக்கு வாய் சும்மா இருக்காது. பள்ளிக்கூட விநாடி வினாவுக்காக மனப்பாடம் செய்தது அத்தனையும் கொட்டினேன். அடியில் வருஷம் போட்டிருக்கிறது, அது முதல் உலகப்போர், நம் ஆட்கள் கப்பலேறி எங்கோ போய்ச் சண்டை போட்டார்கள், வெள்ளைக்காரன் கல் வைத்தான், அதற்கும் வாய்க்காலுக்கும் சம்பந்தமே இல்லை.

மாமா குனிந்து கல்லை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"அப்ப இவங்கள மேலூர்க்காரங்க வெட்டலையா?" என்றார் மாமா.

"வெட்டல மாமா."

"நாங்க ஒருத்தரையும் வெட்டலையா?" பெரியப்பாவின் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

"உங்களையும் ஒருத்தரும் வெட்டல பெரியப்பா."

மாமாதான் முதலில் சிரித்தார். "வெட்டாத வெட்டுக்கா, எங்க அக்கா கல்யாணத்துல என்னைய மூணாம் பந்தியில உக்கார வச்சீய அத்தான்?"

அத்தான் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து பல நாளாகியிருந்தது. பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மூணாம் பந்தியிலதாம்வே பாயசம் கெட்டியா இருந்துச்சு."

காதுகுத்தை அந்தக் கல்லுக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டார்கள். ஜேசிபியை ஓரம் கட்டச் சொல்லி, எல்லைப் புல்லிலேயே கல்லை நிமிர்த்தி வைத்து மாலை போட்டார்கள். தம்பி மாமா மடியில் உட்கார்ந்து இரண்டு ஊருக்கும் கேட்கிற மாதிரி அழுதான். நான் பட்டுப்பாவாடையில் இருந்தேன். அது சாமி இல்லை என்று நான் அத்தனை விளக்கியும் ஒருவரும் திருந்தவில்லையே என்பது மட்டும்தான் எனக்குக் குறை.

படையலுக்கு அம்மா கல்லுக்கு முன்னால் வரிசையாகப் பதினொரு இலை போட்டாள். பார்த்துக்கொண்டு சும்மா இருப்பேனா?

"செத்தவங்க மூணு பேருதாம்மா."

"திரும்பி வந்தவங்களுக்குப் பசிக்காதோ?" என்றாள் அம்மா, சோற்றை அள்ளியபடியே.

அம்மாவுக்குக் கணக்கு வராது என்று முடிவுசெய்துகொண்டேன். பெரியப்பா ஒவ்வொரு இலையிலும் தண்ணீர் தெளித்துக்கொண்டே வந்தார். மாமா பின்னாலேயே குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தார். அந்த இலைகளில் எது மேலூர்க்காரருக்கு, எது கீழூர்க்காரருக்கு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. அதை நான் கவனிக்கவே இல்லை. கறிக்குழம்பு வாளி எங்கள் வரிசைக்கு எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.