பந்தின் மேல் ஒரு கால்

எங்கள் ரப்பர் தோட்டத்து மைதானத்தில் விசில் ஊதியதும் பந்துக்குப் பக்கத்தில் நிற்பவன் அதன் மேல் காலை வைத்துவிட வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமல்ல. மைதானம் ஒரே சரிவு. விட்டால் பந்து ரப்பர் மரங்களுக்கு இடையே உருண்டு ஓடைக்குப் போய்விடும். மாமாவை நினைத்தால், அவர் ஊதிய விசிலைவிட அந்தக் கால்தான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. வாரமெல்லாம் பெக்டரியில் ரப்பர் ஷீட் உருட்டுகிற வேலை, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ரெப்ரி, அதாவது நடுவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையை விட்டால் அவரைக் கூப்பிட ஆளும் இல்லை, அவருக்குப் போக இடமும் இல்லை. நான் எங்கள் அணியின் கோல் காப்பாளன். பந்து வராத நேரமெல்லாம் அவரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அவரிடம் ஒரே குறை, எவன் விழுந்தாலும் ஆட்டத்தை நிறுத்திவிடுவார். ஜெயித்துக்கொண்டிருக்கும் அணிக்கு அது அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பான். இன்னொருவன் பந்தின் மேல் கால் வைக்க மறந்துபோவான். ஓடைவரை போய்ப் பந்தை எடுத்து வருவதற்குள் மழை வந்துவிடும். எங்கள் பக்கத்து மழை வந்தால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான், அதுவரை போட்ட கோல்தான் கணக்கு. பொறுக்க முடியாமல் எங்கள் கேப்டன் ஒருநாள் சட்டம் பேசினான்.

“லேசான அடிக்கெல்லாம் நிப்பாட்ட வேணாம்னு ரூல்ஸ்லயே இருக்குங்க மாமா.”

“லேசா பலமான்னு கிட்டப் போய்ப் பாத்தாத்தானப்பா தெரியும்? ஆட்டத்த ஓட விட்டுட்டு நான் எப்பிடிக் கிட்டப் போறது?”

கேப்டன் பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு நடந்தான்.

ஒரு வருடம் பக்கத்துத் தோட்டத்தோடு கோப்பைக்கான இறுதி ஆட்டம். நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். எங்கள் ஆள் பந்தோடு தனியாக ஓடுகிறான், எதிரே அவர்களுடைய கோல் காப்பாளன் மட்டும்தான். அந்த நேரம் பார்த்து நடு மைதானத்தில் எதிரணிச் சிங்களப் பையன் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். மாமா ஊதிவிட்டார். ஓடிப்போய் முழங்காலிட்டு, சிங்களத்தில் தம்பியைக் கூப்பிடுகிற மாதிரி ‘மல்லி, மல்லி’ என்று அவன் கன்னத்தைத் தட்டி, எங்கே வலிக்கிறது என்று அந்தப் பாஷையிலேயே கேட்டார். அவன் எழுந்து தலைமுடியைச் சரிசெய்துகொண்டு சிரித்தான். ஆத்திரத்தில் எங்கள் ஆளே பந்தை ஓடைக்கு உதைத்தான். அது திரும்பி வருமுன் மழை பிடித்துக்கொண்டது. கோப்பை அவர்களுக்குப் போனதை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வருடம் டவுனிலிருந்து ரெப்ரியை வரவழைத்தார்கள். மாமாவை யாரும் ஏசவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான். ஆனாலும் அவர் வந்தார். இஸ்திரி போட்ட ரெப்ரிக் கறுப்புச் சட்டையோடு மேல் கரையில் தனியாக உட்கார்ந்தார். மைதானத்தில் யாராவது விழுந்தால் எழுந்து நிற்பார். விழுந்தவன் எழுந்த பிறகுதான் உட்காருவார். சாகிற வருடம்வரை ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். கோலில் நின்ற என்னைத் தவிர வேறு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இப்போது நான் இரத்தினபுரியில் ஒரு கடையில் வேலை செய்கிறேன். வாடகை அறையில் தனியாக இருக்கிறேன். போன மாதம் மழையில் பஸ் ஸ்டாண்டுக்கு இறங்கும் சரிவில் வழுக்கி விழுந்தேன். கணுக்கால் பிசகி எழும்ப முடியவில்லை. கண்டக்டர்கள் கொழும்பு கொழும்பு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். சனம் என்னை விட்டு விலகிச் சுற்றிக்கொண்டு போனது. குடித்திருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள், கிட்ட வந்து பார்த்தால்தானே தெரியும். அத்தனை பேருக்கு நடுவில் அப்படியொரு தனிமையை நான் அறிந்ததில்லை. விழுந்து கிடந்தபடியே, எங்காவது ஒருவர் எழுந்து நிற்கிறாரா என்று தேடினேன். கையிலிருந்து நழுவிய தண்ணீர்ப் போத்தல் சரிவில் உருண்டுகொண்டிருந்தது. எத்தனையோ கால்கள் அதைத் தாண்டிப் போயின.