மூன்று நாள் பப்பாளி

எண்பதுகளின் தொடக்கத்தில் புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் எங்கள் வீடு. எனக்குப் பதினான்கு வயது, அக்காவுக்குப் பதினாறு. பள்ளியில் எண்ணூறு மீட்டர் ஓட்டத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாடு இரண்டாகப் பிரிந்தது.

விளையாட்டு டீச்சர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் இரண்டு அரைவேக்காட்டு முட்டையும் பாலும், மத்தியானம் மீனும் கங்கோங் கீரையும், பொரித்தது கூடாது. அம்மா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். பால்மரம் வெட்டக் கிளம்பும் அவசரத்திலும் அக்காவின் முட்டைக்கு வெந்நீர் ஊற்றி மூடிவிட்டுத்தான் போவார். எனக்குப் பசியாற வரக்காப்பியும் பிஸ்கட்டும்.

"எனக்கும் ஒண்ணு குடும்மா."

"நீ என்ன ஓடவா போற? அவ ஓடணும்லா."

அக்கா ஒல்லி, நீளமான கால்கள். நான் குட்டை, கொஞ்சம் தடிப்பு. பள்ளி பஸ்ஸில் ஏறினால், "நீ அவ தங்கச்சியா?" என்று நம்பாமல் கேட்பார்கள். அதுவே போதும், அன்றைய நாள் எனக்குக் கெட்டுப்போக.

தோழி வீட்டில் ஒரு பழைய பத்திரிகை கிடந்தது. குண்டான பெண்கள் வயிற்றைச் சுத்தம் செய்து இளைப்பதற்கு வழி எழுதியிருந்தது. போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது அதை அக்காவுக்காக மாற்றிச் சொன்னேன்.

"அக்கா, பினாங்குல ஓடுற பொண்ணுங்க எல்லாம் இப்படித்தான் வயித்தக் கழுவுவாங்களாம். மூணு நாளைக்குப் பப்பாளியும் எலுமிச்சத் தண்ணியும் மட்டும். உடம்பு லேசாயிடுமாம்."

"டீச்சர் ஒண்ணும் சொல்லலியே."

"டீச்சருக்கு எல்லாம் தெரியுமா? நானும் உன்கூடவே பத்தியம் இருக்கேன்."

நம்பினாள். அம்மாவுக்குத் தெரியாமல் முட்டையை நாய்க்குப் போடும்படி என்னிடம் கொடுப்பாள். கொல்லைப் பக்கம் போய், கிச்சாப் என்கிற கறுப்புச் சோயா சாற்றை ஊற்றி, மிளகுத்தூள் தூவி நானே குடித்தேன். மூன்று நாளும் அப்படித்தான்.

போட்டி சுங்கைப் பட்டாணித் திடலில். முதல் சுற்றில் அக்காதான் முன்னால். இரண்டாவது சுற்று வளைவில் கால் பின்ன ஆரம்பித்தது. புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். டீச்சர் ஓடினார், பின்னால் நானும்.

"காலையில என்ன சாப்ட்ட?"

"பப்பாளி."

"நேத்து?"

"அதேதான், டீச்சர்."

"யாரு சொல்லிக் குடுத்தா உனக்கு?"

அக்கா என்னைப் பார்த்தாள். உதடு வெளுத்திருந்தது. "யாரும் இல்ல, டீச்சர். நானாத்தான்."

"வளர்ற வயசு உனக்கு. வயிறு தன்னால சுத்தமாயிக்கும். நீ ஒழுங்கா சோறு சாப்பிடு" என்று சொல்லி, குளுக்கோஸ் தண்ணீரும் ஒரு பன்னும் வாங்கிக் கொடுத்தார்.

தப்பித்தோம் என்ற நிம்மதி எனக்கு வரவில்லை. காட்டிக்கொடுக்காமல் இருப்பதிலும் என்னை முந்திவிட்டாளே என்று வயிறு எரிந்தது. இதை எழுத இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் நானே சொன்னேன். "முட்டைய நான்தான் குடிச்சேன்."

"தெரியும். உன் வாயில கிச்சாப் வாசம்."

"அப்ப ஏன் ஒண்ணும் கேக்கல?"

"ஆசையா இருக்கும்னு நெனச்சேன். பப்பாளிக் கதையும் பொய்யா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் அதே திடலில் இரண்டாவதாக வந்தாள். நானும் எழுந்து நின்று கைதட்டினேன். பொறாமை அப்போதும் இருந்தது. வாயை மட்டும் மூடிக்கொண்டிருந்தேன்.